சான் ஸ்டார்ம்: டேஷ்போர்டும் வயரிங்கும் மொத்தமாக மாற்றப் போகிறேன், வழி சொல்லுங்கள்

ஒற்றியூர்_ஸ்டார்ம்
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு சான் ஸ்டார்ம் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: 1998-இல் நம்ம நாட்டில் வந்த ரெண்டு சீட்டு ஓபன் கார், ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின். சிக்னலில் நின்றால் "இது என்ன வண்டிண்ணா" என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஓகே. பிரச்சினை டேஷ்போர்டுக்குக் கீழே. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ வீட்டுக்கு இழுக்கும் வயரை வாங்கி முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார், முக்கால்வாசி சிவப்பு, எது எங்கே போகிறது என்று சிவனுக்கே வெளிச்சம்.

நோய்க்குறி இது: ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் அதோடு சேர்ந்து ஆடுகிறது. ஹாரன் அடித்தால் மீட்டர் லைட் மங்குகிறது. பிளாஸ்டிக் டேஷும் வெயிலில் வெடித்துப் போயிருக்கிறது. அதனால் பழைய மீட்டரைத் தூக்கிவிட்டு ஒரு பத்து இன்ச் ஸ்கிரீன் போட்டு, ஈஎஸ்பி32 என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வைத்து எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கலாம் என்று திட்டம். ஸ்கிரீன் எது நல்லது? சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் எந்தப் பக்கம் கேட்கலாம்?

கொளத்தூர்_கோடர்
சூப்பர் ப்ராஜெக்ட் ப்ரோ. ஸ்கிரீன் வாங்கும்போது பிரகாசம் எத்தனை நிட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஓபன் கார், தலைக்கு மேல் வெயில், லேப்டாப் தரத்து 250, 300 நிட்ஸ் எல்லாம் பகலில் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். ஆயிரத்துக்குக் குறையாமல் பாருங்கள். போர்டுக்கான புரோகிராம் நான் எழுதித் தருகிறேன்.

பாடி_பழசு
தம்பி, ஸ்கிரீனைக் கொஞ்சம் தள்ளி வை. நீ சொன்ன மூன்று நோய்க்குறியும் மீட்டர் கெட்டதால் வருவதில்லை. மூன்றும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வரும் வழி.

சென்னை பாடி ஏரியாவில் கார் எலக்ட்ரிக்கல் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான், ஃபைபர் பாடி வண்டி என்று சொன்னதுமே பாதி புரிந்துவிட்டது. சாதாரண தகர பாடி காரில் லைட்டுக்கு ஒரு வயர் போனால் போதும், கரண்ட் திரும்பி வருவதற்கு பாடியே இருக்கிறது. ஃபைபரில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பல்புக்கும் திரும்பி வர ஒரு வயர் தனியாக வேண்டும். கம்பெனி கொடுத்ததைப் பின்னாளில் வெட்டி ஒட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்றால், பக்கத்தில் ஏதாவது கறுப்பு வயர் கண்ணில் பட்டால் அதிலேயே அடுத்ததைச் சேர்த்துவிடுவார்கள். கடைசியில் ஹெட்லைட், ஹாரன், மீட்டர் மூன்றுக்கும் திரும்பி வர ஒரே ஒல்லி வயர்.

இப்போது கணக்குப் போடு. 55 வாட் பல்பு ரெண்டு, 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியர். அந்த எர்த் வயரிலும் துருப்பிடித்த திம்பிளிலும் (வயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) சேர்த்து வெறும் 0.1 ஓம் இருந்தாலே 0.9 வோல்ட் அங்கே நிற்கும். அதாவது உன் மீட்டரின் எர்த் பூஜ்ஜியத்தில் இல்லை, 0.9-இல் இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சாரோ எஞ்சினில் உட்கார்ந்து உண்மையான எர்த்தைப் பிடித்திருக்கிறது. மீட்டருக்குள் இருக்கும் ரெண்டு காயிலில் (கம்பிச் சுருள்) சென்சார் பக்கத்துக் காயில் முழு வோல்ட்டும் வாங்குகிறது, எர்த் பக்கத்துக் காயில் குறைவாக வாங்குகிறது, முள் சூட்டுப் பக்கம் சாய்கிறது. எஞ்சின் சூடாகவே இல்லை. பெட்ரோல் முள் ஆடுவதும் அதே கதை, அங்கே டேங்க் சென்சாரும் பின் இண்டிகேட்டரும் ஒரே எர்த்தில் இருக்கும்.

இதைச் சரிசெய்யாமல் ஸ்கிரீன் போட்டால் பொய்யான நம்பர் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

வண்ணை_வாசி
அப்படியே எலிக்கும் ஒரு வழி சொல்லுங்க சார். எங்க தெருவில் பெருச்சாளி இன்னோவாவின் வயரையே தின்றுவிட்டது, ஸ்டார்ம் எல்லாம் அதுக்கு ஸ்டார்ட்டர்.

ஒற்றியூர்_ஸ்டார்ம்
சார், நன்றி. ஆனால் எர்த்துதான் என்று எப்படி உறுதி செய்வது? மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் சோதனை) வைத்தால் எல்லா இடமும் பீப் அடிக்கிறதே.

பாடி_பழசு
பீப்பை நம்பாதே. நூறு இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும் (கிளாம்பில் இல்லை, ஈயக் கம்பத்தில்) இன்னொரு முனையை ஹெட்லைட் கப்ளரின் எர்த் பின்னிலும் வை. 0.2-க்கு மேல் வந்தால் வேலை இருக்கிறது. அப்புறம் அதே மாதிரி பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பின் பிளஸ்ஸுக்கு. ரெண்டையும் எழுதிப் போடு.

ஒற்றியூர்_ஸ்டார்ம்
அளந்துவிட்டேன். எஞ்சின் ஆஃப், லோ பீம் ஆன். பேட்டரியில் 12.4. பல்பில் நேராக வைத்தால் 10.3. எர்த் பக்கம் 0.9, பிளஸ் பக்கம் 1.2. சார் 0.9 என்று குத்துமதிப்பாகச் சொன்னது அப்படியே வந்ததில் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

பாடி_பழசு
எடுத்துக்காட்டுக்குச் சொன்ன நம்பர் தம்பி, நான் ஜோசியக்காரன் இல்லை. ஆனால் பார், பல்புக்குப் போக வேண்டிய வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகப் போகிறது. வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு மட்டும் குறையும் என்று நினைக்காதே, ஃபிலமென்ட் பல்பில் வெளிச்சம் வோல்ட்டின் மூன்றரை அடுக்குக் கணக்கில் விழும். கிட்டத்தட்ட பாதிதான் ரோட்டில் விழுகிறது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் ராத்திரி எப்படித்தான் ஓட்டினாயோ.

பிளஸ் பக்கம் 1.2 போவது சுவிட்ச். ஒன்பது ஆம்பியரும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து சுவிட்சுக்குள் புகுந்து திரும்ப முன்னால் போகிறது. அதற்கு ரிலே போடு, சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. நம்பர் எல்லா ரிலேவிலும் ஒன்றுதான்: 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87-லிருந்து பல்புக்கு, 85, 86 ரெண்டும் காயில், ஒன்றில் பழைய சுவிட்ச் வயர், ஒன்றில் எர்த். காயில் எடுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, சுவிட்ச் ஆயுளுக்கும் உழைக்கும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒன்று.

வயர் தடிமன்: ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். ஐந்து மீட்டர் ஓடினால் 0.09. ஒன்பது ஆம்பியரில் 0.8 வோல்ட் போச்சு. அதே இடத்தில் ரெண்டரை சதுர மில்லி போட்டால் 0.3-இல் முடியும். வயர் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் ஒரு சதுர மில்லி தாங்கும், ஆனால் வோல்ட் போய்ச் சேராது. இதைத்தான் பல கடையில் பார்ப்பதில்லை.

பெரம்பூர்_லோகோ
சார் சொன்னதோடு ஒரு வார்த்தை. ஃபியூஸ் என்பது பல்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரியை விட்டுக் கிளம்பியதும் ஃபியூஸ் வர வேண்டும். டேஷ்போர்டுக்குள் அழகாக ஃபியூஸ் பெட்டி வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை ஃபியூஸே இல்லாத தடி வயர் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். அந்த வயர் எங்காவது உரசினால் ஃபைபர் பாடி, ரெசின், பெட்ரோல், மிச்சத்தை நானே சொல்ல வேண்டியதில்லை.

பிளேடு ஃபியூஸ் நிறம் பார்த்தே தெரியும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் அடிக்கடி போகிறதே என்று பச்சையைச் செருகுகிற ஆளாக இருந்தால் தயவுசெய்து ஃபியூஸே போடாதீர்கள், செலவாவது மிச்சம்.

ஆம்மீட்டரும் வேண்டாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் தோற்றத்துக்காகச் சிலர் ஆசைப்படுவார்கள், செல்ஃப் மோட்டார் தவிர வண்டியின் கிட்டத்தட்ட மொத்தக் கரண்டும் டேஷ் வரை வந்து போகும். வோல்ட்மீட்டர் போதும், அது சொல்வதும் அதிகம்.

காசிமேடு_ஃபைபர்
இந்தப் பேச்சை இவ்வளவு நாள் பார்க்காமல் விட்டேனே. நான் படகு வேலை. உங்க வண்டி கடலிலிருந்து நாலு தெரு தள்ளி நிற்கிறது என்றால் அதுவும் ஒரு படகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசின செம்பு வயராகக் கேளுங்கள், உள்ளே இழை வெள்ளையாக இருக்கும். வெறும் செம்பு வயர் இங்கே என்ன ஆகும் தெரியுமா, வெளியில் உறை புதுசு மாதிரி இருக்கும், முனையில் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் கறுப்பு, இன்னும் ஒரு சாண் உரித்தாலும் கறுப்பு. திம்பிள் போட்ட இடத்தில் உப்புத்தண்ணி நுழைந்து இழைகளுக்கு நடுவிலேயே ஊர்ந்து உள்ளே போய்விடும். கறுத்த வயரில் எதை ஒட்டினாலும் பிடிக்காது. ஸ்டார்ம் பழைய வயரை எங்காவது உரித்துப் பாருங்கள், நான் சொன்னது தெரியும்.

திம்பிளை பிளையரில் நசுக்காதீர்கள். திம்பிளை வயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் ராட்செட் கிரிம்பிங் டூல் ஒன்று வாங்குங்கள், முழுசாக அழுத்தினால்தான் வாயைத் திறக்கும், அரைகுறை வேலை செய்ய விடாது. அதற்கு மேல் உள்ளே பசை உள்ள ஸ்லீவ், சூடு காட்டினால் ஓரத்தில் பசை பிதுங்கி வெளியே வரும், அப்படி வந்தால்தான் தண்ணி நுழையாது. கறுப்பு பிவிசி டேப் வேண்டவே வேண்டாம், மே மாசம் முடிவதற்குள் பாகு மாதிரி வழிந்து கை எல்லாம் பிசுபிசுக்கும். துணி டேப் சுற்றுங்கள்.

கொளத்தூர்_கோடர்
கிரிம்ப் எதற்கு, சால்டர் பண்ணினால் கெட்டியாக நிற்குமே?

பெரம்பூர்_லோகோ
கெட்டியாக நிற்பதுதான் பிரச்சினை. சால்டர் இழைக்குள் ஏறி உறைந்த இடத்தில் வயர் கம்பியாகிவிடும், அது முடிகிற எல்லையில் அதிர்வு முழுக்க ஒரே புள்ளியில் விழும். அங்கேதான் ஒடியும், உறைக்குள்ளேயே ஒடிவதால் கண்ணுக்கும் தெரியாது. போர்டில் சால்டர், ஓடுகிற வயரில் கிரிம்ப். ரயில் பெட்டியில் அதிர்வு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அங்கேயும் திம்பிள்தான்.

ஒற்றியூர்_ஸ்டார்ம்
உரித்துப் பார்த்தேன். கறுப்பு. கன்னங்கரேல். பின் லைட்டுக்குப் போகிற வயரில் முழங்கை நீளம் வெட்டியும் செம்பு நிறம் வரவில்லை.

சரி, எர்த்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்கிரீன் கனவைத் தள்ளிவைத்தாயிற்று, கோடர் ப்ரோ கோபிக்க வேண்டாம். அப்படியானால் டேஷில் என்ன போடலாம்? 80 மில்லிமீட்டரில் ஸ்பீடோ, டாகோ (எஞ்சின் சுற்றும் வேகம் காட்டுவது) ரெண்டு, 52 மில்லிமீட்டரில் டெம்பரேச்சர், பெட்ரோல், ஆயில் பிரஷர், வோல்ட் நாலு என்று நினைக்கிறேன். பலகையை எதில் செய்வது? அலுமினியத் தகடா?

காசிமேடு_ஃபைபர்
பழைய டேஷ் முழுசாக இருக்கிறதல்லவா, வெடிப்பை பட்டி வைத்து அடைத்துவிட்டு அதையே அச்சாக வைத்து ஃபைபரில் எடுக்கலாம். ஃபைபர் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ரெண்டு அடுக்கு, மீட்டர் உட்காரும் இடத்தில் மூணு. மேலே மினுக்கும் ஜெல் கோட் வேண்டாம், பளபளக்காத கறுப்பு அடியுங்கள் அல்லது ரெக்ஸின் ஒட்டுங்கள், இல்லையென்றால் டேஷ் முழுக்க முன் கண்ணாடியில் தெரியும். ஓட்டையை ஹோல்சாவில் போடும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் லேசில் விடாது.

கொளத்தூர்_கோடர்
கோபம் எல்லாம் இல்லை ப்ரோ. ஆனால் டிஜிட்டலை மொத்தமாக ஒதுக்க வேண்டாம், நடுவில் சின்னதாக ஒன்று வைத்தால் ஆயில் டெம்பரேச்சர், ஒவ்வொரு இடத்து வோல்ட் எல்லாம் பதிவாகும். வைத்தால் ரெண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி ஏழு எட்டு வோல்ட் வரை இறங்கும், போர்டு ரீசெட் ஆகும். ரெண்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்ப் ஒரு நொடி லூசானால் ஆல்டர்னேட்டர் நாற்பது வோல்ட்டைத் தாண்டிக் குதிக்கும். ரிச்சி தெருவில் எல்லாரும் கையில் கொடுக்கிற எல்எம்2596 போர்டு (வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது) அதிகபட்சம் 40 வோல்ட்தான் தாங்கும். முன்னால் குதிக்கும் வோல்ட்டை அடக்கும் ஒரு டிவிஎஸ் டையோடும் ஃபியூஸும் போடாமல் அதை காரில் வைக்கவே கூடாது.

அப்புறம் வெயில். மே மாசம் நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சாதாரண எல்சிடி அதன் சுற்றுவட்டாரத்திலேயே கையைத் தூக்கிவிடும்.

வண்ணை_வாசி
இதெல்லாம் மாற்றினால் ஆர்டிஓ பிடிக்க மாட்டாரா?

பெரம்பூர்_லோகோ
மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அதைப் பற்றித்தான்: ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின், சேசிஸ், பாடி வடிவம் எல்லாம் கை வைக்காத இடம். மீட்டரும் வயரும் ஆர்சியில் வருவதில்லை. ஆனால் ஸ்பீடோமீட்டர் வேலை செய்ய வேண்டும், எஃப்சிக்குப் போகும்போது பார்ப்பார்கள். பழைய ஓடோமீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து, கழற்றின மீட்டரைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு விற்கும்போது கேட்பார்கள்.

பாடி_பழசு
எர்த் வேலை எப்படிச் செய்தாய் என்று சொல் தம்பி, அதில் கோட்டை விட்டால் மிச்சம் வீண்.

ஒற்றியூர்_ஸ்டார்ம்
பானட்டுக்குள் ஒரு பித்தளை பஸ்பார் (பல வயரை ஒன்றாக மாட்டும் பட்டை), டேஷுக்குப் பின்னால் ஒன்று, டிக்கியில் ஒன்று. மூன்றிலிருந்தும் பேட்டரி மைனஸுக்குத் தனித்தனி தடி வயர், ஒன்றை இன்னொன்றில் சேர்க்கவில்லை. மீட்டர் எல்லாவற்றுக்கும் தனி எர்த், லைட்டோடு கலக்கவே இல்லை. டேங்க் சென்சாரும் தனி. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் வயரிங்கை மட்டும் தொடவில்லை, அது கம்பெனி கட்டியபடியே நன்றாக இருந்தது.

பாடி_பழசு
ஈசியூ பக்கம் போகாதது நல்லது. எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் பின்னல் பட்டை போட்டாயா? அது இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போய் கேபிள் சிவந்து உறை உருகின வண்டியை என் கையாலேயே பிரித்திருக்கிறேன். வண்டிக்காரர் கேபிள் மட்டமான கேபிள் என்று மூன்று முறை மாற்றியிருந்தார்.

ஒற்றியூர்_ஸ்டார்ம்
போட்டாச்சு சார், புதுசு, ரெண்டு.

இப்போது நிலவரம். ஹெட்லைட்டில் எஞ்சின் ஆஃபில் 12.0 வருகிறது, பேட்டரியில் 12.4. வெளிச்சம் வேற லெவல். டெம்பரேச்சர் முள் ஹெட்லைட் போட்டாலும் அசையவில்லை. ஆனால் புதுசாக ரெண்டு தலைவலி. பெட்ரோல் மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது, டேங்க் நிரப்பினால் காலி, காலியானால் ஃபுல். இன்னொன்று, ஸ்டார்ட் செய்ததும் வோல்ட்மீட்டர் 12.2-லேயே நிற்கிறது. நன்றாக ஒரு முறை ரேஸ் கொடுத்தால்தான் 14.1-க்குத் தாவுகிறது, அப்புறம் ஆஃப் பண்ணும்வரை ஒழுங்காக இருக்கிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

பெரம்பூர்_லோகோ
பெட்ரோல் மீட்டர் எளிது. சென்சார் ஒரு சாதி, மீட்டர் வேறு சாதி. ஐரோப்பிய வகை காலிக்கு 10 ஓம், ஃபுல்லுக்கு 180. அமெரிக்க வகை காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. நேர் எதிர். ஆன்லைனில் வரும் மீட்டர் பெரும்பாலும் ரெண்டாவது வகை. டேங்க் மிதவையை மேலேயும் கீழேயும் வைத்து ஓம் அளந்துவிட்டு அதற்கேற்ற மீட்டர் வாங்குங்கள். டெம்பரேச்சரும் அப்படித்தான், மீட்டரோடு வந்த சென்சாரையே போடுங்கள், இல்லையென்றால் முள் நடுவில் நின்று நிம்மதியாக இருக்கச் சொல்லும், ரேடியேட்டர் அங்கே கொதிக்கும்.

பாடி_பழசு
ஆல்டர்னேட்டர் போகவில்லை. சார்ஜ் லைட்டுக்கு எல்இடி போட்டாயா?

ஒற்றியூர்_ஸ்டார்ம்
ஆமாம் சார், எல்லா வார்னிங் லைட்டும் எல்இடிதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பாடி_பழசு
அந்த சார்ஜ் லைட் வெறும் லைட் இல்லை. சாவியைத் திருப்பியதும் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகும், அதனால்தான் அங்கே காந்தம் பிறக்கும், அது சுற்றினால்தான் சார்ஜ் தொடங்கும். ரெண்டு வாட் பல்பு 170, 180 மில்லி ஆம்பியர் விடும். எல்இடி விடுவது பத்தோ இருபதோ. ரோட்டருக்கு அது போதவில்லை. நீ ரேஸ் கொடுக்கும்போது இரும்பில் மிச்சமிருக்கும் காந்தமே போதும் அளவுக்கு வேகம் வந்துவிடுகிறது, தானாக எழுந்துகொள்கிறது. ஊருக்குள் டிராஃபிக்கில் மெதுவாக ஓட்டினால் சார்ஜே ஏறாமல் பேட்டரி காலியாகும், வண்டிக்காரர் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார்.

எல்இடிக்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடு. சூடாகும், ரெக்ஸினில் படாமல் வை.

வண்ணை_வாசி
இண்டிகேட்டரும் எல்இடி என்றால் கிறிக் கிறிக் என்று பறக்குமே, அதுவும் இதே கதைதானா?

பெரம்பூர்_லோகோ
பக்கத்துக் கதை. பழைய ஃப்ளாஷர் பல்பு எடுக்கிற கரண்ட்டை வைத்துத்தான் எல்லா பல்பும் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும். எல்இடி எடுப்பது சொற்பம், அதனால் பல்பு ஃபியூஸ் போச்சு என்று நினைத்து வேகமாக அடிக்கும். எல்இடிக்கென்றே வரும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷரைப் போட்டால் முடிந்தது, ரெசிஸ்டர் வைத்து சூடு கிளப்ப வேண்டியதில்லை.

ஒற்றியூர்_ஸ்டார்ம்
68 ஓம் போட்டேன், சாவி திருப்பி ஸ்டார்ட் ஆன உடனேயே 14.1. பெட்ரோல் மீட்டருக்கு 10–180 வகை ஆர்டர் போட்டிருக்கிறேன். ஸ்பீடோவுக்கு ஹால் சென்சார் (காந்தத்தை வைத்துச் சுற்றை எண்ணி பல்ஸ் அனுப்புவது), ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் போனில் ஜிபிஎஸ் வைத்து ஓட்டிப் பார்த்துப் பல்ஸ் கணக்கைச் சரிசெய்தேன், 60-இல் 61 காட்டுகிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

எந்த வயர் எங்கே போகிறது, என்ன தடிமன், எந்த நிறம், எந்த ஃபியூஸ் என்று தாளில் வரைந்து லேமினேட் செய்து ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன். கோடர் ப்ரோ, நடுவில் ஒரு ஓட்டை விட்டுத்தான் டேஷ் செய்திருக்கிறோம், இப்போதைக்கு அதில் மூடி.

கொளத்தூர்_கோடர்
ஓட்டை அளவைச் சொல்லுங்க ப்ரோ, இன்றைக்கே ஸ்கிரீன் பார்க்கிறேன். டிவிஎஸ் டையோடு என் செலவு.

வண்ணை_வாசி
எலிக்கு யாருமே பதில் சொல்லலையே.

காசிமேடு_ஃபைபர்
அடியில் வயர் போகிற ஓட்டையெல்லாம் ரப்பர் புஷ் போட்டு, மிச்ச இடுக்கை ஃபைபர் மேட் வைத்து அடைத்தாச்சு. வயருக்கு மேல் நெய்த ஸ்லீவ். உங்க தெருப் பெருச்சாளிக்கு இதெல்லாம் போதாது, இன்னோவாவை விற்றுவிடுங்க.